எலப்புள்ளிக் காட்சிக் கிராமமும் நான் போட்ட ஓர் உத்தரவும்

முதலமடையில் இந்த வருஷம் காட்சிக் கிராமம் போடப் போகிறார்கள். அதற்கென்று நியமனமான இரண்டு இளம் குமாஸ்தாக்கள் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். அந்த வேலையிலிருந்து நான் விலகி எட்டு மாதமாகிறது. "நீங்கதானுங்களே எல்லாத்தையும் முன்ன நின்னு செஞ்சது. எப்படிப் போடறதுன்னு ஒரு கட்டுரையா எழுதிக் குடுத்துடுங்க" என்றார்கள். பழைய விதிப்பட்டியலையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். பதினாறு விதிகள். சரி என்று படித்துக்கொண்டே போனேன். கடைசி விதிக்கு வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"காட்சியில் இருப்போர் பார்வையாளருடன் பேசலாகாது."

மற்ற பதினைந்தும் என் மேலதிகாரி எழுதியவை. இதை எழுதியவன் நான். இந்த ஒரு வரி என் மகள் பூவாத்தாளைக் கிணற்று விளிம்பு வரைக்கும் கொண்டுபோனது. இன்றைக்கும் எங்காவது கிணற்று உருளை கிறீச்சிட்டால் என் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. அவளோ, முதலமடைச் சேதி காதில் விழுந்த நாளிலிருந்து, "அய்யா, நாம எப்பங்க போறோம்?" என்று என்னைப் பிய்த்தெடுக்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எழுதித்தான் ஆகவேண்டும். முதலில் நல்லதை எழுதுகிறேன். நல்லதும் நிறைய இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கமிட்டி வருஷத்துக்கொரு விவசாயக் கண்காட்சி நடத்தும். நீளமான மேஜைகள். மேஜைமேல் பூசணி, கம்பு, ராகிக் கதிர், ஏர்க்கொழு. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு அட்டை. அட்டை எழுதுவதுதான் என் வேலை. பத்து வருஷம் எழுதினேன், அதற்குப் பிறகு மேற்பார்வை. ஜனங்கள் வரிசையாக உள்ளே வந்து வரிசையாக வெளியே போவார்கள். ஒரு வருஷம் பூசணி கொண்டுவந்த ஒரு குடியானவர், பொழுது போகாமல் மேஜைக்கடியில் உட்கார்ந்து அறுந்த சாட்டையை முறுக்க ஆரம்பித்தார். அரைமணி நேரத்தில் மொத்தக் கூட்டமும் அவரைச் சுற்றி நின்றது. பூசணியைப் பார்க்க ஆளில்லை.

எங்கள் சூப்பிரண்டு ஐயா அதைப் பார்த்தார். கல்பாத்திக்காரர். ஒல்லியான மனிதர், கோட்டுப் பையில் எப்போதும் ஒரு கறுப்பு நோட்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டத்துக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார், நோட்டில் ஏதோ எழுதினார், பிறகு என்னிடம் வந்து, "ஓய், அடுத்த வருஷம் மேஜை வேண்டாம், கேட்டீரா?" என்றார். அவ்வளவுதான். அப்படித்தான் காட்சிக் கிராமம் பிறந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுவடை முடிந்த ஒரு வயல்வெளியில் எட்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பம், மெய்யான குடும்பம், பத்து நாள் குடியிருக்கும். செக்கு ஆடும், தறி ஓடும், குயவர் சக்கரம் சுற்றும். பட்டணத்து ஜனங்கள் டிக்கட்டு வாங்கிக்கொண்டு தெருவோடு நடந்து பார்த்துப் போவார்கள்.

சூப்பிரண்டு ஐயாவின் முறைகளை இளையவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம். இடம் பார்க்கும்போது அவர் முதலில் தேடியது தண்ணீரை. எலப்புள்ளியில் அந்த வயலைத் தேர்ந்ததே அங்கே கமலைக் கிணறு ஒன்று நடப்பில் இருந்ததால்தான். திறப்புக்கு மூன்று நாள் முன்பே எல்லா அடுப்பும் எரிய வேண்டும் என்பார். "புகை படியாத கூரையை ஜனங்கள் நம்பமாட்டா." ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தரையில் உட்காருவார். சும்மா உட்காருவார். கால்மணி நேரம் கழித்து, "அம்மி எங்க இருக்கு, உரல் எங்க இருக்கு? நடுவில அந்த அம்மா எத்தனை நடை நடக்கணும்? மாத்தும்" என்பார். மாற்றினால் அந்த வீட்டுப் பெண் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு வந்தபிறகுதான் நோட்டில் அந்த வீட்டுக்கு நேராகக் கோடு போடுவார்.

மூணாற்றிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத்துக் குடும்பமும் வந்திருந்தது. அவர்களுக்காக, தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து அறை ஒன்றை அளவு பிசகாமல் கட்டியிருந்தேன். புருஷன், பெண்சாதி இரண்டு பேரையும் உள்ளே உட்காரவைத்தேன். அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னய்யா இது! எங்க லயத்துல ஒரு ரூம்புக்கு எட்டுப் பேரு கெடப்போம். இப்படிக் காலை நீட்டி ரெண்டு பேரு உக்காந்திருந்தா, பாக்க வாறவுக எங்களத் தொரைமாருன்னுல்லா நெனைப்பாக?"

மறுநாளே அவள் மச்சான் குடும்பத்துக்கு ஆளனுப்பினோம்.

கமலைக் கிணற்று வீட்டுக்கு வந்தவர்கள் பழனியப்பரும் அவர் மனைவி நாச்சாயியும். சொந்த மாடுகளோடு வந்தார்கள். வந்த அன்றைக்கு மாடு இரண்டும் தொட்டித் தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. புது இடம். பழனியப்பர் தட்டிக்கொடுத்தார், அதட்டினார், கெஞ்சினார். நடக்கவில்லை. வீட்டுக்குள் சட்டி அடுக்கிக்கொண்டிருந்த நாச்சாயி அங்கிருந்தே, "ஓ... ஓஓ... குடிங்க சாமி" என்று ஒரு குரல் கொடுத்தாள். இரண்டும் தலையைக் குனிந்து மடமடவென்று குடித்தன.

பழனியப்பர் என்னைப் பார்த்து, "ஓட்டறதுதானுங்க நானு. தீனி வெக்கறது அவ. எங்கிட்ட இருந்து தப்பிச்சுக்குமுங்க, அவ கொரலத் தட்டாதுங்க" என்றார்.

நாச்சாயி உள்ளேயிருந்து, "மாடு மட்டுமா?" என்றாள்.

திறப்புக்கு முந்தின அந்த மூன்று நாளும் பூவாத்தாள் அங்கேயேதான் கிடந்தாள். ஒன்பது வயது. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழித்துப் பிறந்தவள், எங்களுக்கு ஒரே பிள்ளை. காய்ச்சல் என்றால் நான் இரண்டு வைத்தியரைக் கூப்பிடுகிற ரகம். ஆனாலும் என் கண்பார்வையில்தானே இருக்கிறாள் என்று விட்டிருந்தேன். அவள் வாசலில் தலை காட்டினாலே நாச்சாயி, "வா அம்மிணி" என்பாள். இவள் "வந்தேனுங்க" என்று போய் உட்காருவாள். மோர் கொடுப்பாள். முதல் நாள் இவள் ஒரு கையை நீட்ட, நாச்சாயி சொம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஒத்தக் கையில புடிக்கப்படாது அம்மிணி. ரண்டு கையும் நீட்டு." பழனியப்பர் கமலை ஓட்டும்போது வடக்கயிற்றில் தனக்கு முன்னால் அவளை உட்காரவைத்து ஒருதரம் சரிவில் இறங்கினார். அன்றைக்கு வீட்டில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை. மறுபடி மறுபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கமலை எப்படி ஓடும் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். கிணற்றங்கரையிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்கும் மண்பாதை. மாடுகள் அதில் இறங்கும்போது தடித்த வடக்கயிறு மேல் உருளையில் ஓடி, கிணற்றுக்குள்ளிருக்கும் சால் என்கிற தோல்பையை மேலே இழுக்கும். விளிம்பில் தாழ்வாக இன்னொரு சின்ன உருளை. அதில் ஓடுவது மெல்லிய கயிறு. சாலின் வாலைத் தூக்கிப் பிடித்திருந்து மேலே வந்ததும் தண்ணீரைக் கொட்டவைப்பது அதுதான். ஓட்டுகிறவர் வடத்தின்மேல் உட்கார்ந்தபடி இறங்குவார். அடியில் போனதும் குதித்து, மாடுகளைப் பின்னுக்கே நடத்தி மேலேற்றுவார். இரண்டு கயிறும் கிணற்றைப் பார்த்து ஓடும். சால் மறுபடி தண்ணீருக்குள் போகும்.

திறப்பு நாள்! இருபத்திரண்டு வருஷ வேலையில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. கஞ்சிக்கோடு ஸ்டேஷனில் இறங்கிய கூட்டம் வண்டிப்பாதை நிறைய வந்துகொண்டே இருந்தது. குடை பிடித்த வக்கீல்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பட்டுப்புடைவைப் பெண்கள். வேடிக்கை என்னவென்றால், முதலமடைப் பக்கத்துக் குடியானவர்களும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் செக்கடியில் நின்று சத்தமாகவே கேட்டார்.

"ஏம்ப்பா, நம்மூட்டுல இருக்கறதப் பாக்க நாம டிக்கட்டு வாங்கிட்டு வந்திருக்கறமா?"

கூட வந்தவர் விடவில்லை. "உன்னூட்டுல உன்னயப் பாக்க ஆருப்பா காசு குடுப்பாங்க? சும்மா பாரு."

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தறிச் சத்தமும் செக்குச் சத்தமும் ஜனச் சத்தமும் சேர்ந்து ஒரு ஊரே பேசுவதுபோல இருந்தது. அட்டை எழுதிக் கழித்த பத்து வருஷமும் அன்றைக்கு எனக்கு வட்டியோடு திரும்பிவிட்டது.

நாச்சாயி வீட்டு வாசலில் மட்டும் கூட்டம் நகரவில்லை. போய்ப் பார்த்தேன். வருகிற ஒவ்வொருவரையும் அவள் "வாங்க" என்று அழைத்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வந்தவரை "வாங்க" என்று சொல்லாமல் விடுவது எங்கள் பக்கத்தில் அடித்துத் துரத்துவதற்குச் சமம். ஒரு கல்யாணத்தில் யாரோ சொல்ல மறந்ததற்காக என் சொந்தச் சித்தப்பா பதினோரு வருஷம் அந்த வீட்டுப்படி ஏறவில்லை. கூப்பிட்டவுடன் ஜனங்கள் நின்றார்கள். சிலர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவருக்கு மோர். பட்டணத்துக்காரர்கள் பலருக்குப் பதில் சொல்லவே தெரியவில்லை. பொம்மை பேசியதுபோல விழித்தார்கள். அதற்காக அவள் நிறுத்தவில்லை. மாலைக்குள் குரல் கம்மிவிட்டது.

மூன்றாம் நாள் கமிட்டியைச் சேர்ந்த ஒரு தோட்டத்துத் துரை வந்தார். சூப்பிரண்டு ஐயாவுக்குக் காய்ச்சல். கல்பாத்தியில் படுத்திருந்தார். பொறுப்பு முழுவதும் என்னிடம். நாச்சாயி துரையைப் பார்த்ததும், "வாங்க சாமி, உக்காருங்க" என்று கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டாள். அவர் சிவந்துபோய் உட்கார்ந்தார். மோரைக் குடித்தார். அவருக்குப் பிடித்திருந்தது என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பின்னால் இருநூறு பேர் நகரமுடியாமல் நெருக்கியடித்தார்கள். கமிட்டிக் காரியதரிசி என்னைத் தனியே அழைத்து, "இது கண்காட்சியா, கல்யாண வீடா?" என்றார்.

அந்த ஒரு கேள்வி எனக்குப் போதுமாயிருந்தது. உடனே காகிதம் எடுத்துப் பதினாறாவது விதியை எழுதினேன். வீடு வீடாகப் போய்ப் படித்தேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நாச்சாயி மட்டும் கேட்டாள்.

"பேசாம இருக்கறனுங்க. ‘வாங்க’ன்னு மட்டும் சொல்லலாமுங்களா?"

"அதையும் சொல்லக்கூடாது."

"வாசல்ல வந்து நிக்கறவங்களயா?"

"ஆமாம்."

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். "நீங்க நம்ம பக்கத்து ஆளுதானுங்களே?" என்றாள். நான் கேட்காததுபோல நகர்ந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு நாள் கூட்டம் தண்ணீர்போல ஓடியது. நாச்சாயி தலையைக் குனிந்துகொண்டு உரலில் கம்பு இடித்தாள். வாசலில் ஆள் நிழல் விழுந்தால் இன்னும் குனிந்துகொள்வாள். காரியதரிசி என் தோளில் தட்டினார். நான் பெருமையாக வாசலருகிலேயே நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் என் மனைவி பூவாத்தாளைக் கூட்டிக்கொண்டு பார்வையாளராக வந்தாள். செக்கடியில் தெரிந்தவர்களைக் கண்டு அவள் பேச்சில் நின்றுவிட, பூவாத்தாள் கையை உருவிக்கொண்டு நேராக நாச்சாயி வாசலுக்கு ஓடிவந்தாள். நான் பார்த்தேன். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். என் மகள் பச்சைப் பாவாடையில் வாசலில் நின்று சிரிக்கிறாள். நாச்சாயி நிமிர்ந்தாள், உலக்கை பாதியில் நின்றது, அவள் கண் என்னிடம் வந்தது. நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். என் மகளானாலும் விதி விதிதான் என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு மிதப்பு. நாச்சாயி குனிந்துகொண்டாள்.

பிள்ளை கொஞ்சநேரம் நின்றாள். சிரிப்பு போயிற்று. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்தாளாம், பிறகு சொன்னாள். தாயாரிடம்தான் திரும்பிப் போகிறாள் என்று எண்ணி நான் வரிசைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

அவள் போனது கிணற்றுக்கு. பழனியப்பராவது கூப்பிடமாட்டாரா என்று போயிருக்கிறாள். முன்பக்கம் கயிறு கட்டி ஜனங்களைத் தடுத்திருந்தோம். பின்பக்கம் கல்தூண் ஓரமாக வழி உண்டு என்பது மூன்று நாள் அங்கேயே கிடந்தவளுக்குத் தெரியும். பழனியப்பர் பாதையின் அடியில் நின்று மாடுகளைப் பின்னுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு மாடுகள், இருபக்கமும் ஜனத்தின் ஆரவாரம். மேலே பிள்ளை வந்து வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்ததை அவர் பார்க்க வழியில்லை. கயிறு கிணற்றைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறது. அது அவளைச் சறுக்கிக் கொண்டுபோய் விளிம்பில் தள்ள, பாவாடை மெல்லிய கயிற்றோடு சுற்றிச் சின்ன உருளைக்குள் நுழைந்தது. மாடு இன்னொரு அடி பின்னால் வைத்தால் பிள்ளை உள்ளே.

"ஓ... ஓஓஓ!"

கம்மிப்போய், இரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்த குரல். அது எங்கிருந்து அவ்வளவு பெரிதாக வந்ததோ தெரியாது. செக்கு நின்றது, ஜனம் நின்றது. மாடு இரண்டும் நட்டுவைத்ததுபோல நின்றன. தூக்கிய பின்னங்கால் தூக்கியபடியே இருந்ததைப் பார்த்ததாகப் பழனியப்பர் சத்தியம் செய்கிறார். நான் திரும்பிப் பார்க்கையில் நாச்சாயி வாசலில் இல்லை. பிள்ளை போன பக்கமே அவள் கண் இருந்திருக்கிறது; உலக்கை மட்டும் உருண்டுகொண்டிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அவள் பிள்ளையின் இடுப்பைக் கட்டிப் பின்னால் சாய்ந்திருந்தாள். பூவாத்தாளின் கால்கள் இரண்டும் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் பேனாக்கத்தியால் பாவாடையை அறுத்தேன். அவசரத்தில் என் விரலையும் அறுத்துக்கொண்டேன்.

பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு. வேறொன்றுமில்லை. வேறொன்றுமில்லை என்று இன்றைக்கும் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

நாச்சாயி அவளை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு வார்த்த ‘வா’ன்னு நாஞ்சொல்லியிருந்தா, இந்நேரம் எங்கூட்டுல உக்காந்து மோர் குடிச்சிட்டு இருக்குமுங்க" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

காய்ச்சலோடு மறுநாள் காலையிலேயே சூப்பிரண்டு ஐயா வந்துவிட்டார். கிணற்றைச் சுற்றி வந்தார். உருளையில் ஒட்டியிருந்த பச்சைத் துணியை நகத்தால் எடுத்தார். பிறகு நாச்சாயி வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"கிணத்துக்குப் பின்பக்கம் அடைக்காதது என் தப்பு" என்று முதலில் அதை எழுதினார். "இந்த அம்மாவை வாய் திறக்கக்கூடாதுன்னது யாராக்கும்?"

"நான்தான்."

"அடுப்பை எரிய விட்டீர், தண்ணியை ஓட விட்டீர். மனுஷியை மட்டும் அட்டையா ஆக்கிட்டீர். மறுபடி மேஜைதானே போட்டிருக்கீர், ஓய்?"

அன்றுமுதல் நாச்சாயி வீட்டு முன்னால் பாதையை இரண்டாகப் பிரித்தோம். நிற்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று, நடக்கிறவர்களுக்கு ஒன்று. ஒரு நாள் வேலை. முதலிலேயே செய்திருக்கலாம். பதினாறாவது விதி பட்டியலில் எப்படித் தங்கிவிட்டது என்று தெரியவில்லை. அடிப்பதற்கு எனக்குக் கை வரவில்லையோ என்னவோ.

மீதி ஐந்து நாளும் நாச்சாயி வந்த எல்லோரையும் "வாங்க" என்றாள். என்னைத் தவிர. தினமும் நாலு தடவை அந்த வாசலுக்குப் போனேன். நாலு தடவையும் அவளுக்கு உலையில் ஏதோ வேலை வந்தது. காட்சி முடிந்த வாரம் நான் வேலையை விட்டேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, இளையவர்களிடம் கொடுக்கும் முன், பூவாத்தாளுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டினோம். முதலமடையில் திறப்புக்கு இன்னும் இரண்டு நாள், அடுப்புகள் எரியத் தொடங்கியிருந்தன. மாந்தோப்பு ஓரத்தில் எட்டு வீடுகள், கூரையில் புகை! எனக்கு வயசு மறந்துபோயிற்று. கிணற்றைச் சுற்றி ஆளுயர வேலி. மூன்று தடவை ஆட்டிப் பார்த்தேன். உருளை கிறீச்சிட்டது. நான் பூவாத்தாளின் மணிக்கட்டை இறுக்கினேன்.

"அய்யா, வலிக்குதுங்க" என்றாள். விட முடியவில்லை.

இங்கேயும் கமலைக் கிணற்று வீடு பழனியப்பர் குடும்பத்துக்குத்தான்; அப்படியே நாச்சாயி வாசலுக்குப் போனோம். உரலடியில் நின்றவள் நிமிர்ந்தாள்.

"வா அம்மிணி" என்றாள். "அடேயப்பா, தோளுக்கு வந்துட்டியே!"

பிறகு என்னைப் பார்த்தாள். உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"வாங்க" என்றாள்.

நான் பட்டணத்துக்காரன்போல விழித்தேன். பூவாத்தாள்தான் எனக்கும் சேர்த்து, "வந்துட்டமுங்க" என்றாள்.

நாச்சாயி உள்ளே போய் மோர்ச் சொம்பைக் கொண்டுவந்து பிள்ளையின் முன்னால் நீட்டினாள். பூவாத்தாள் ஒரு கையை நீட்டினாள். மறு கை என் பிடியில் இருந்தது. நாச்சாயி சொம்பைக் கொடுக்கவில்லை. நீட்டியபடியே நின்றாள்.

நான் கையை விட்டேன்.